வைத்தியசாலை வாயிற்காவலருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

வெள்ளவத்தையில் ஒருவருக்குத் திடீரென நோய் கண்டால் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைக்கும், கொட்டாஞ்சேனையிலாயின் தேசிய வைத்தியசாலைக்கும் ஓடுவதே வழக்கம். இரு இடங்களிலும் உறவினர் முதலில் எதிர்கொள்வது வைத்தியரை அல்ல, வாயிலில் நிற்கும் பாதுகாப்பு ஊழியரையே. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும் பொறுப்பு அவருடையது. கட்டளையிட்டவர் வேறொருவர், அதற்காக ஏச்சையும், சில வேளைகளில் அடியையும் வாங்குபவர் இவர்.

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுக்குரியது. பொதுச் சேவையாளரின் கடமைக்கு இடையூறு விளைவிப்பதை அதன் 183 ஆம் பிரிவும், கடமையைத் தடுக்கும் நோக்கில் அவர்மீது பலாத்காரம் பிரயோகிப்பதை 344 ஆம் பிரிவும், காயம் விளைவிப்பதை 323, 324 ஆம் பிரிவுகளும் குற்றமாக்குகின்றன. அரசாங்க வைத்தியசாலையின் வைத்தியர், தாதியர், சிற்றூழியர் ஆகியோர் இவற்றின்கீழ் முறையிடலாம்.

சிக்கல் எழுவது காவலாளியிடத்தில்தான். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் காவற்பணி ஒப்பந்த அடிப்படையில் தனியார் நிறுவனங்களிடம் விடப்பட்டுள்ளது. அந்நிறுவனங்களை 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது; ஆயினும் அவற்றின் ஊழியர் ‘பொதுச் சேவையாளர்’ என்ற வரைவிலக்கணத்துள் அடங்குவாரா என்பதே வழக்கில் முதல் வாதமாக எழும். அடங்காவிடின் எஞ்சுவது 314 ஆம் பிரிவு, அதாவது எவரும் எவரையும் தாக்கியதற்கான சாதாரண ஏற்பாடு. அத்தகைய சிறு காயக் குற்றம் மத்தியஸ்த சபைக்கும் செல்லக்கூடியது. அடிபட்டவர் அடித்தவரோடு சமாதானமாகிப் போக வேண்டியதுதான்!

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. அதே வைத்தியசாலையின் கதவை ஒருவர் உடைத்தால் 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டம் பாயும். சேதத்தின் பெறுமதி குறித்த வரம்பைத் தாண்டினால் பிணை கிடைப்பதே அரிது. கதவுக்கு இருக்கும் காப்பு, கதவருகே நிற்பவருக்கு இல்லை.

அயலில் கேரளம் இதனைக் கவனித்தது. 2023 மே 10 ஆந் திகதி கொட்டாரக்கரை வைத்தியசாலையில், பொலிஸார் சிகிச்சைக்கு அழைத்துவந்த ஒருவரால் வைத்தியர் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், காவலாளிகளையும் அம்புலன்ஸ் சாரதிகளையும் பெயர் குறித்தே பாதுகாப்பினுள் கொண்டுவந்தது. கொடுங்காயத்துக்கு ஏழு வருடம்வரை சிறை விதித்தது. இங்கிலாந்தின் 2018 ஆம் ஆண்டுச் சட்டமோ, அரச சுகாதார சேவைக்குத் துணைசெய்ய அமர்த்தப்பட்டு மக்களை நேரில் சந்திப்போரையும் உள்ளடக்குகின்றது. இங்கு 2025 மார்ச்சில் அநுராதபுரம் போதனா வைத்தியசாலை விடுதியில் பெண் வைத்தியர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையின்பின் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது எழுந்த பாதுகாப்புக் கோரிக்கை, காவல் செய்பவரின் சட்டநிலையையும் தொட்டிருக்க வேண்டும்.

மக்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்யத் துடிக்கும் குடும்பம், மரண விசாரணை முடியும்வரை பிரேத அறை வாயிலில் மணிக்கணக்காகக் காத்து நிற்கின்றது. காரணத்தைத் தமிழில் விளக்க அங்கே ஆளில்லை. காவலாளிக்கோ சிங்களம் மட்டுமே தெரியும். உடலை விடுவிக்கும் அதிகாரமும் அவருக்கில்லை. கோபம் கைகலப்பாவதற்கு இதுவே போதும். தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரை அவ்விடத்தில் அமர்த்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

தாக்கப்பட்ட ஊழியர் வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணில் அன்றே முறைப்பாட்டைப் பதிவுசெய்து, சட்ட வைத்தியப் பரிசோதனைக்கும் உட்படுவது அவசியம். கடமையின்போது ஏற்பட்ட காயத்துக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தொழில்தருநரிடம் நட்டஈடு கோரலாம். சாட்சி சொல்ல அஞ்சுவோருக்கு 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்பளிக்கின்றது. ஒப்பந்தம் பறிபோகுமென்று நிறுவனம் அவரை வாய்மூடச் சொல்வதற்கு இடமளிக்காது, வைத்தியசாலைப் பணிப்பாளரே முறைப்பாட்டாளராக முன்வர வேண்டும்.