புள்ளியை எப்போது காட்டுவது? குத்துச்சண்டைத் தீர்ப்புமுறையின் வரலாறு: கெடாவிலிருந்து ஒரு நோக்கு

சிலம்பப் போட்டிகளில் கம்பின் முனையில் சாயத்தையோ ஒட்டும் பொடியையோ தடவிக்கொள்ளும் பழக்கம் உண்டு. எதிராளியின் மேல் கம்பு பட்ட இடத்தில் பொட்டு விழும். ஆட்டம் முடிந்ததும் பொட்டுகளை எண்ணினால் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். தமிழகத்திலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர்களோடு மலாயாத் தோட்டங்களுக்கு வந்த கலை இது. ஆசானுக்கும் ஆடுபவருக்கும் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் புள்ளி தெரிகிறது. நடுவருக்கு மட்டும் என்று தனிக் கணக்கு எதுவும் கிடையாது.

குத்துச்சண்டைக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. தாடையில் இறங்கிய குத்தும் கையுறையில் பட்டு வழுக்கிய குத்தும் பத்தடி தள்ளி இருப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அங்கே புள்ளி என்பது ஒருவரின் கருத்து. அந்தக் கருத்தைச் சண்டை நடக்கும்போதே வெளியிடலாமா, கடைசி மணி அடிக்கும் வரை பூட்டி வைக்கவேண்டுமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இந்த வழக்கில் இரு தரப்பும் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு: காட்டப்படும் புள்ளி யார் போட்டது?

மலாயாவுக்குக் குத்துச்சண்டை பிரிட்டிஷாரின் மரபாக வந்தது. அந்நாளில் பிரிட்டனில் மேடையில் நிற்கும் நடுவர் ஒருவரே புள்ளியும் போடுவார். முடிந்ததும் வென்றவரின் கையை உயர்த்துவார். 1971 மார்ச் 16 அன்று லண்டன் வெம்பிளியில் ஹென்றி கூப்பரும் ஜோ பக்னரும் 15 சுற்றுகள் மோதினார்கள். நடுவர் ஹாரி கிப்ஸ் கால் புள்ளி வித்தியாசத்தில் பக்னர் கையை உயர்த்தினார். பிரிட்டிஷ் ரசிகர்களின் செல்லப்பிள்ளை கூப்பர் அத்துடன் கையுறையைக் கழற்றிவிட்டார். கிப்ஸ் மீதான கோபம் பல ஆண்டுகளுக்கு ஆறவில்லை. இதே பக்னர்தான் 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகம்மது அலியோடு 15 சுற்று ஆடி, ஒருமித்த தீர்ப்பில் தோற்றவர். அன்று யாருக்கும் சந்தேகம் எழவில்லை. இடைவெளி பெரிதாக இருக்கும் சண்டையில் புள்ளி மறைந்திருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. நெருக்கமான சண்டைகளில்தான் சிக்கல்.

நெருக்கமே இல்லாத சண்டையிலும் தீர்ப்பு தலைகீழாகலாம் என்று காட்டியது சோல். 1988 ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் தென்கொரியாவின் பார்க் சி ஹுனை மூன்று சுற்றிலும் விரட்டினார். அமெரிக்கத் தொலைக்காட்சி எண்ணிய கணக்கில் 86 குத்துக்கு 32. தீர்ப்போ 3-2 என்று பார்க்குக்குப் போனது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் விருதைத் தோற்ற ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள்! 2023இல் பார்க் அமெரிக்காவுக்குப் போய் அந்தத் தங்கப் பதக்கத்தை ஜோன்ஸ் கையிலேயே கொடுத்தார் என்பது இந்தக் கதையின் தாமதமான பின்னுரை.

சோலுக்கு மருந்தாகக் கணினி வந்தது. 1989இல் அறிமுகமாகி, 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஐந்து நடுவர்களின் முன் சிவப்பு, நீலப் பொத்தான்கள். ஒரே நொடிக்குள் மூவராவது ஒரே நிறத்தை அழுத்தினால் ஒரு புள்ளி. இனிக் கள்ளத்தீர்ப்புக்கு இடமில்லை என்றார்கள். பார்சலோனாவிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது. அமெரிக்காவின் எரிக் கிரிஃபின் ஸ்பெயினின் ராஃபேல் லோசானோவிடம் 6-5 என்று தோற்றார். ஐந்து நடுவர்களும் தனித்தனியாக அழுத்தியதைக் கூட்டினால் கிரிஃபினுக்கு 81, லோசானோவுக்கு 50. ஐவரின் தனிக்கணக்கிலும் முன்னால் நின்றவர் கிரிஃபின்தான். அவர்கள் விரல்கள் ஒரே நொடியில் சேரவில்லை, அவ்வளவுதான். தனித்தனி நடுவர் பார்த்ததைக் கரைத்துவிட்டு இயந்திரம் ஒரு பொதுத்தொகையைக் கொடுத்தது. மறைக்கும் முறைகளிலேயே இது நூதனமானது என்பேன்: கணக்கு கண்முன் இருக்கும், கணக்குப் போட்டவர் இருக்கமாட்டார்.

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் சரவாக்கின் சபோக் பிக்கி மலேசியாவுக்கு முதல் குத்துச்சண்டைத் தங்கத்தை வென்றதும் இந்தக் கணினிக் காலத்தில்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கணினியின் அந்தப் பொதுத்தொகை சண்டை நடக்க நடக்கத் திரையில் ஓடியது. விளைவு உடனே தெரிந்தது. நான்கு புள்ளி முந்தியவர் காலைப் பின்வைத்து வட்டமடிக்கத் தொடங்கினார். கூட்டுக்குத்தும் உடற்குத்தும் மங்கி, எல்லாக் கண்ணிலும் படக்கூடிய ஒற்றை நேர்க்குத்து மேடையை ஆண்டது. இதை வீரர்களின் கோழைத்தனம் என்று சொல்வது நியாயமாகாது. எதற்குப் புள்ளி, எப்போது தெரியும் என்பதற்கு ஏற்பத்தான் உடல் பழகும்.

இதை நன்கு அறிந்த ஒருவர் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பிறந்தார். அவர் களம் வேறு. சுங்கைப் பட்டாணியில் 1944இல் பிறந்த பஞ்ச் குணாளன் 1970 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கமும், 1971 ஆல் இங்கிலாந்தில் எங் பூன் பீயோடு இரட்டையர் பட்டமும், 1974 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கமும் வென்ற பூப்பந்து வீரர். 1974 ஆல் இங்கிலாந்து இறுதியில் அவரை நிறுத்தியவர் ரூடி ஹார்த்தோனோ. பிறகு உலகப் பூப்பந்து அமைப்பின் துணைத்தலைவராக இருந்தபோது பழைய புள்ளிமுறையையே மாற்றத் துணிந்தார். அதுவரை சர்வீஸ் போடுபவருக்கே புள்ளி. எதிராளி ரேலியை வென்றால் சர்வீஸ் கை மாறும், பலகை அசையாது. 2002 வாக்கில் ஏழு புள்ளி, ஐந்து செட் என்று ஒரு சோதனை நடந்து கைவிடப்பட்டது. 2006இல் ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி, 21 புள்ளிக்கு ஒரு செட் என்ற முறை நிலைபெற்றது. அதை முன்னின்று தள்ளியவர் குணாளன்.

பூப்பந்தில் புள்ளி எப்போதும் வெளிப்படைதான். ஆனாலும் பலகை இருபது நிமிடம் அசையாமல் நின்றால் பார்ப்பவருக்கு அது மூடிய கணக்குக்குச் சமம். யார் கை ஓங்குகிறது என்பதை உடனுக்குடன் காட்டவேண்டும், ஒளிபரப்புக்கு ஏற்ற கால அளவில் ஆட்டம் முடியவேண்டும் என்பதே மாற்றத்தின் நோக்கம். பழைய வீரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது: பின்தங்கியவர் பொறுமையாக மீண்டு வரும் கலை குறைந்தது, சர்வீஸில் செய்யும் ஒரு தவறுக்கே விலை வந்தது. கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது ஆட்டமும் வேறாகிவிட்டது. குத்துச்சண்டைக்காரர்கள் கவனித்திருக்கவேண்டிய பாடம் இது.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் இந்த வழக்கு இன்னும் சூடானது. 1999 மார்ச் 13 அன்று நியூயார்க்கில் ஹோலிஃபீல்ட் - லெனாக்ஸ் லூயிஸ் சண்டை சமனில் முடிந்தது. லூயிஸ் தெளிவாக ஓங்கிய ஐந்தாம் சுற்றையும் நடுவர் யூஜீனியா வில்லியம்ஸ் ஹோலிஃபீல்டுக்கே கொடுத்திருந்தது பின்னர்தான் தெரிந்தது. இத்தகைய கசப்புகளுக்குப் பின் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் நான்காம், எட்டாம் சுற்றுகளுக்குப் பின் புள்ளியை அறிவிக்கும் முறையை முன்வைத்தது. 2013 ஏப்ரலில் சான் அன்டோனியோவில் கனேலோ அல்வாரெஸ் - ஆஸ்டின் ட்ராவுட் சண்டையில் அது நடந்தது. எட்டுச் சுற்று முடிவில் அல்வாரெஸ் முன்னால் என்று அரங்கம் அறிந்தது. எஞ்சிய நான்கு சுற்றிலும் அவருக்கு வேண்டியது விழாமல் நிற்பது மட்டுமே. வென்றார், சண்டையின் உயிர் எட்டாம் சுற்றிலேயே போயிருந்தது.

மறைத்து வைத்தாலாவது இந்த வட்டமடிப்பு நிற்குமா என்றால் அதுவும் இல்லை. கெடாவின் எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் மரபுச் சண்டையான முவாய் தாய் அரங்குகளைப் பார்க்கலாம். அங்கே மரபுப்படி நடுவர் புள்ளி கடைசிவரை வெளிவராது. ஆனால் பந்தயம் கட்டுபவர்களின் கூச்சலும் கைச்சைகையும் யார் முன்னால் என்பதைச் சுற்றுக்குச் சுற்று சொல்லிவிடும். மூலையில் நிற்கும் பயிற்றுநர் அதைப் படித்துவிடுவார். கடைசியான ஐந்தாம் சுற்றில் இருவரும் கைதொட்டுச் சும்மா நகர்ந்து முடிக்கும் காட்சி அங்கே சாதாரணம்.

அமெச்சூர் மேடையில் கணினிப் பொத்தான்கள் 2013இல் போயின. சுற்றுக்குப் பத்துப் புள்ளி முறை வந்தது. 2014 இஞ்சான் ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் சரிதா தேவி கொரியாவின் பார்க் ஜினாவிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டு, மேடையிலேயே பதக்கத்தை ஏற்க மறுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஐந்து நடுவரில் மூவரின் கணக்கைக் கணினி குருட்டாம்போக்கில் தேர்ந்தது. புகார்கள் குவிந்தபின் அங்கு பணியாற்றிய 36 நடுவர்களும் ஒதுக்கி வைக்கப்பட்டனர். 2021இல் வந்த மெக்லாரன் விசாரணை அறிக்கை நடுவர்களை வளைக்கும் ஏற்பாடு இருந்ததை உறுதிசெய்தது.

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் உருப்படியான மாற்றம் வந்தது. ஐந்து நடுவரின் கணக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு நடுவரும் போட்டது திரையில் தெரிந்தது. அப்படியும் 2021 ஜூலை 29 அன்று இந்தியாவின் மேரி கோம் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் தோற்றதும் தான் வென்றதாகவே எண்ணிக் கையை உயர்த்தினார். கடைசி இரண்டு சுற்றையும் 3-2 என்று அவர்தான் எடுத்திருந்தார். ஆனால் முதல் சுற்று 4-1 என்று வலென்சியாவுக்குப் போயிருந்தது. ஒவ்வொரு நடுவரும் தன் மூன்று சுற்றையும் தனியே கூட்டுவதால் மொத்தத்தில் 3-2 வலென்சியா. முறை சரியாகவே வேலை செய்தது. புள்ளியைத் திரையில் வைத்தவர்கள் அதை வாசிக்கும் விதத்தை வீரருக்கும் வீட்டில் பார்ப்பவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்று சுற்று அமெச்சூர் சண்டைக்கு டோக்கியோ முறையே தகும் என்பது என் கருத்து. மூன்று சுற்றில் ஒளிந்து ஓட நேரமில்லை. முதல் சுற்றை இழந்தவர் இரண்டாவதில் பாய்ந்தே ஆகவேண்டும். பன்னிரண்டு சுற்றுக்கு அது பொருந்தாது. அங்கே நடுவர் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தன் சீட்டை ஒப்படைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் முன்பே உண்டு; பின்னால் மாற்ற முடியாது. அந்தச் சீட்டுகளை நடுவர் பெயரோடு, சுற்றுவாரியாக, தீர்ப்பு அறிவித்த நிமிடமே வெளியிட்டால் போதும். இடைப்பட்ட வழி ஒன்றை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 2020இல் கலப்புச் சண்டைப் போட்டிகளில் தொடங்கியது: சுற்று முடிந்ததும் புள்ளி மூலையில் உள்ள பயிற்றுநருக்குக் காட்டப்படும், வீரரிடம் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.