குண்டுவீச்சு விமானங்களும் ஓர் இராப்பறவையும்

சரோஜினி நாயுடுவுக்கு வழங்கிய 'இந்தியாவின் நைட்டிங்கேல்' என்னும் பட்டம் தமிழில் 'கவிக்குயில்' ஆயிற்று. வேறு வழியில்லை, நைட்டிங்கேல் தமிழ்நாட்டுப் பறவை அன்று. குயிலும் இளவேனிலின் தூதுதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு பறவைகள். நைட்டிங்கேல் குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு ஏப்ரலில் இங்கிலாந்து திரும்பும் சிறு பழுப்புப் பறவை. துணை தேடும் ஆண்பறவை நள்ளிரவிலும் பாடும். முட்புதருக்குள் மறைந்திருப்பதால் அதைக் கண்டவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம். வசந்தம் வந்துவிட்டதை அவர்கள் காதால்தான் அறிந்தார்கள்.

1924 மே 19 இரவு, சர்ரே மாவட்டத்து ஆக்ஸ்டெட் அருகே, தம் தோட்டத்தில் அமர்ந்து செல்லோ வாசித்தார் பியாட்ரிஸ் ஹாரிசன். பறவை உடன்பாடுவதை ஒலிபரப்ப வேண்டும் என்ற அவரது யோசனைக்குப் பி.பி.சி.யின் தலைவர் ஜான் ரீத் முதலில் தயங்கினார். ஒலிபரப்பானதும் நாடே கொண்டாடியது. அன்று கேட்டது பறவையா, பறவைக்குரல் எழுப்பும் கலைஞரா என்ற ஐயம் 2022இல் கிளம்பியது. ஆனால் மக்கள் அதை விரும்பியதில் ஐயமில்லை. ஹாரிசன் அவ்வீட்டை விட்டுப் போன பின்னும் அந்தத் தோட்டத்து நைட்டிங்கேல்களை வானொலி தேடிச் சென்றது.

சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1942 மே 19 இரவு, ஒலிவாங்கி மீண்டும் அங்கே காத்திருந்தது. பறவையின் குரலோடு வேறோர் ஓசையும் நெருங்கியது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரைத் தாக்க அன்றிரவு 197 பிரிட்டிஷ் விமானங்கள் புறப்பட்டிருந்தன. இவ்வோசை நேரலையில் போனால் எதிரி விழித்துக்கொள்வான் என்றுணர்ந்த பொறியாளர் ஒலிபரப்பைத் துண்டித்தார். ஒலித்தட்டு மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அப்பதிவை இன்றும் கேட்கலாம். இயந்திர இரைச்சல் வளர்கிறது, வானை நிறைக்கிறது, தேய்கிறது. பறவை பாடிக்கொண்டே இருக்கிறது. சென்ற விமானங்களில் 11 திரும்பவில்லை. மன்ஹைமில் அவற்றுக்குக் கீழே உறங்கியவர்களுக்கும் அது வசந்த கால இரவுதான்.

போரை இயற்கை பொருட்படுத்துவதில்லை என்று இப்பதிவிலிருந்து ஆறுதல் பெறுவோர் உண்டு. எனக்கு அது எளிதாக இல்லை. 1960களுக்குப் பின் பிரிட்டனின் நைட்டிங்கேல்களில் பத்தில் ஒன்பது பங்கு மறைந்துவிட்டது. புதர்க்காடுகள் அழிந்தன, எஞ்சிய அடித்தூறுகளை மான்கள் மேய்ந்தன. விமானங்களின் இரைச்சலுக்கு அஞ்சாத பறவைக்கு ஒரு முட்புதரை விட்டுவைக்க அமைதிக்காலத்து மனிதர்களால் முடியவில்லை.