க்னூகேஷ் கணக்குத் தரவு மீட்பு

க்னூகேஷ் கணக்குத் தரவு மீட்பு என்பது, கணினி பழுதடைந்த பின்னர், க்னூகேஷ் என்னும் தனிநபர் நிதி மென்பொருளில் எழுதப்பட்டிருந்த கணக்குகளைக் காப்புநகல்கள், நிகழ்பதிவுகள், வங்கி ஆவணங்கள் ஆகியவற்றின் துணையால் மீண்டும் உருவாக்கும் முறையாகும். 1998ஆம் ஆண்டில் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த இக்கட்டற்ற மென்பொருள், ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொரு கணக்கில் வரவாகவும் எழுதும் இரட்டைப்பதிவு முறையைப் பின்பற்றுகிறது. கணக்குகள் பயனரின் கணினியிலேயே இருப்பதால் அவற்றின் மீது முழு உரிமை பயனருக்கே உண்டு. அவற்றைக் காக்கும் பொறுப்பும் அதனால் அவரையே சேர்கிறது.

கோப்புகளின் அமைப்பு

க்னூகேஷ் தன் தரவை இயல்பாக எக்ஸ்எம்எல் என்னும் குறியிட்ட உரை வடிவில் எழுதி, ஜிசிப் முறையில் சுருக்கி, ஒரே கோப்பாகச் சேமிக்கிறது. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய கோப்பு அழிக்கப்படாமல், ஆண்டு முதல் நொடி வரை குறிக்கும் 14 இலக்க எண் பெயரில் சேர்க்கப்பட்டு, காப்புநகலாக அதே கோப்புறையில் வைக்கப்படுகிறது. இத்தகைய நகல்கள் பயனர் மாற்றாதவரை 30 நாள்கள் வைத்திருக்கப்படும். இவற்றோடு நிகழ்பதிவுக் கோப்பு ஒன்றும் உருவாகிறது. கடைசியாகச் சேமித்த பின்னர் செய்யப்பட்ட பதிவுகளும் திருத்தங்களும் நீக்கங்களும் இதில் உடனுக்குடன் எழுதப்படுவதால், சேமிப்பதற்கு முன்பே மின்சாரம் போனாலும் அன்றைய உழைப்பின் பெரும்பகுதி இதில் தங்கிவிடுகிறது. எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தள வடிவங்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மாற்றங்கள் உடனடியாகச் சேமிக்கப்பட்டாலும், நாள்குறித்த காப்புநகல்கள் தாமாக உருவாவதில்லை.

மென்பொருள் மட்டும் இடைநின்றபோது

வட்டு நல்ல நிலையில் இருந்து மென்பொருளோ இயங்குதளமோ மட்டும் இடைநின்றிருந்தால் மீட்பு எளிது. ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பு நீங்காமல் எஞ்சியிருக்கும் என்பதால், அடுத்த முறை திறக்கும்போது ஓர் எச்சரிக்கை தோன்றும். வேறு எவரும் அக்கோப்பைப் பயன்படுத்தவில்லை என உறுதிசெய்துகொண்டு அதைத் திறக்கலாம். பின்னர், கடைசியாகச் சேமித்த கோப்பின் மீது, அந்தச் சேமிப்புக்குப் பின் தொடங்கிய நிகழ்பதிவை இறக்குமதிப் பட்டியலில் உள்ள கட்டளையின் மூலம் மறுபடி செயல்படுத்தினால், விடுபட்ட நடவடிக்கைகள் வரிசையாகப் பேரேட்டில் சேரும். இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. நடவடிக்கைகள் மட்டுமே இவ்வாறு திரும்புகின்றன. விலைப்பட்டியல்களிலும் காலமுறைப் பதிவுகளிலும் செய்யப்பட்ட மாற்றங்கள் திரும்புவதில்லை என்பதால் அவற்றைத் தனியே சரிபார்க்க வேண்டும்.

வட்டு பழுதடைந்தபோது

வட்டே பழுதடைந்திருந்தால், முதல் கடமை அதில் எதையும் எழுதாமல் இருப்பதாகும். வன்தட்டில் ஒரு கோப்பு அழிக்கப்படும்போது அதன் இடம் காலியென்று குறிக்கப்படுகிறதே தவிர உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. புதிய எழுத்து அதன் மேல் விழும்போதுதான் அது நிலையாக இழக்கப்படுகிறது. திண்மநிலை வட்டுகளிலோ, காலியான பகுதிகளை இயங்குதளம் முன்கூட்டியே அறிவித்துத் துடைக்கச் செய்யும் டிரிம் என்னும் ஏற்பாடு இருப்பதால், அழிந்த கோப்பை மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பழுதான வட்டை நேரடியாகத் துழாவுவதைவிட, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கடினமான பகுதிகளைப் பின்னர் முயலும் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு நகல் எடுத்து, அந்நகலில் கோப்பைத் தேடுவதே பாதுகாப்பானது. கிடைத்த ஜிசிப் கோப்பின் பிற்பகுதி சிதைந்திருந்தாலும், சிதைவுக்கு முந்தைய பகுதியைப் பெரும்பாலும் விரித்துப் படிக்க முடியும். கணக்குகளின் பெயர்களையும் பழைய நடவடிக்கைகளையும் அதிலிருந்து பெறலாம். காப்புநகல்கள் முதன்மைக் கோப்பு இருக்கும் கோப்புறையிலேயே உள்ளதால், வட்டு முழுவதும் போனால் அவையும் உடன் போய்விடும் என்பதே இவ்வமைப்பின் பெரிய குறை.

எதுவும் மீளாத நிலையில், வங்கி வழங்கும் ஓஎஃப்எக்ஸ், க்யூஐஎஃப், சிஎஸ்வி வடிவக் கோப்புகளை இறக்குமதி செய்து கணக்கைப் புதிதாகக் கட்டலாம். ஆயினும் வங்கி அறிந்தது பணத்தின் போக்குவரத்தை மட்டுமே. எடுத்த ரொக்கம் மளிகைக்குச் சென்றதா மருந்துக்குச் சென்றதா என்பது பயனரின் பேரேட்டில் மட்டுமே இருந்த செய்தியாகும்.

சரிபார்ப்பு

மீட்ட கோப்பு பிழையின்றித் திறப்பதாலேயே மீட்பு முடிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. பற்றுகளின் கூட்டுத்தொகையும் வரவுகளின் கூட்டுத்தொகையும் சமமாகின்றனவா என்று பார்க்கும் இருப்பாய்வும் இதற்குப் போதாது. ஒரு நடவடிக்கை முழுவதுமாக விடுபட்டிருந்தால் இரு பக்கமும் ஒரே அளவில் குறைவதால், இருப்பாய்வு அவ்விடுபாட்டைக் காட்டாது. எனவே வெளிச் சான்றோடு ஒப்பிடும் வங்கிச் சரிகட்டலே இறுதிச் சோதனையாகிறது. க்னூகேஷ், வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்த்த பதிவுகளைத் தனிக் குறியால் வேறுபடுத்தி வைத்திருப்பதால், கடைசியாகச் சரிகட்டிய நாள் வரையிலான பகுதியை விரைவில் உறுதிப்படுத்திவிட்டு, அதற்குப் பிந்தைய பதிவுகளில் கவனம் செலுத்தலாம். மாதந்தோறும் சரிகட்டியவருக்கு ஒரு மாதப் பதிவுகளை மட்டுமே ஆராயும் பணி எஞ்சும். அவ்வாறு செய்யாதவர் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய நேரும்.

தற்காப்பு

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு ஊடகங்கள், வேறோர் இடத்தில் ஒரு நகல் என்னும் 3-2-1 விதி இங்கும் பொருந்தும். மேகக் கோப்புறையில் வைத்து ஒத்திசைப்பது மட்டும் காப்புநகலாகாது. ஒரு கணினியில் நேர்ந்த சிதைவையும் அழிவையும் அது மற்றக் கணினிகளுக்கும் கொண்டுசெல்லும். சேமித்த அறிக்கை வடிவங்களும் விருப்பத்தேர்வுகளும் கணக்குக் கோப்புக்கு வெளியே பயனரின் அமைவுக் கோப்புறை போன்ற இடங்களில் இருப்பதால் அவற்றையும் நகலெடுக்க வேண்டும். எடுத்த நகலை ஆண்டுக்கொரு முறையேனும் வேறொரு கணினியில் திறந்து, அதன் இருப்புகளை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்நகல் பயன்படும் என்பது உறுதியாகும்.