கென்ட் ரிட்ஜின் மெலிந்த மண்: பாஸ்பரஸ் பஞ்சத்தில் மரபணுக்கள்

சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் சீனத் தோட்டக்காரர்கள் கேம்பியரும் மிளகும் பயிரிட்டனர். சில ஆண்டுகளில் மண் சலித்ததும் நிலத்தைக் கைவிட்டனர். பலர் ஜொகூருக்கு நகர்ந்தனர். அமிலம் ஏறி, பாஸ்பரஸ் வறண்ட அத்தகைய நிலங்களில் தலையெடுத்த குறுங்காட்டை 'அடினாண்ட்ரா பெலுகார்' எனத் தாவரவியலாளர் ஹால்டம் 1954இல் விவரித்தார். கென்ட் ரிட்ஜ் மேட்டில் அது இன்றும் உண்டு. நெபெந்தஸ் கிராசிலிஸ் என்னும் குடுவைச்செடி அங்கே படர்கிறது.

பாஸ்பரஸ் குறைந்தால் செடி என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியைக் கொண்டே விடை சொல்கின்றன. பஞ்சகால மரபணுக்களை முடுக்கும் பிஎச்ஆர்1 என்ற புரதம் 2001இல் அச்செடியில் கண்டறியப்பட்டது. அதன் உறவுப் புரதங்கள் பச்சைப்பாசியிலும் நெல்லிலும் இருக்கின்றன. ஆகவே ஒரு செடியை அறிந்தால் போதும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. முடுக்கும் கை ஒன்றாக இருக்கலாம். அது எந்தெந்த மரபணுக்களை எழுப்புகிறது என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது.

தேக்கா சந்தையின் முட்டைக்கோசும் கைலானும் அரபிடாப்சிஸின் கடுகுக் குடும்பத்தவை. வேர்ப்பூஞ்சையோடு கூடி வாழும் திறனை இக்குடும்பம் இழந்துவிட்டது. நெல் இழக்கவில்லை. நெல்லில் இதே பிஎச்ஆர் புரதங்கள் பூஞ்சை உறவுக்கான மரபணுக்களையும் எழுப்புகின்றன என்று 2021இல் தெரியவந்தது. அரபிடாப்சிஸை மட்டும் பார்த்திருந்தால் இது புலப்பட்டிருக்காது. ஒரே இனத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. இளம் வேரை வளர்த்துப் பாஸ்பரஸ் திரட்ட உதவும் பிஸ்டால்1 மரபணு 2012இல் காசலத் என்ற இந்திய நெல்லில் அடையாளம் காணப்பட்டது. நெல் ஆய்வின் அளவுகோலான நிப்பான்பாரே ரகத்தில் அது இல்லவே இல்லை.

குடுவைச்செடி இன்னும் தொலைவு போயிருக்கிறது. பல செடிகள் பாஸ்பரஸ் தட்டும்போது ஊதா அமிலப் பாஸ்படேஸ், ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி போன்றவற்றைச் சுரந்து மண்ணிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும். இந்த நொதிக் குடும்பங்களே குடுவைக்குள் எறும்பைச் செரிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் செபலோட்டஸும் ஆசியாவின் நெபெந்தஸும் தனித்தனியே பூச்சியுண்ணிகளாகியும், இரண்டும் ஒரே வகைப் புரதங்களையே இதற்கு எடுத்தாண்டன என 2017இல் வெளியான ஒப்பாய்வு காட்டியது. நெபெந்தஸ் கிராசிலிஸின் மரபணுத்தொகுதி பத்துமடி கொண்டது, அதாவது அடிப்படைத் தொகுதியின் பத்துப் படிகள் சேர்ந்தது என்பது 2023இல் வெளியானது. அதில் அடங்கிப்போன துணைத்தொகுதிகளில்தான் செரிமான மரபணுக்கள் கொத்துக் கொத்தாகப் பெருகியிருக்கின்றன. உபரிப் படிகள் புது வேலைக்குப் போயின என்றே இதை வாசிக்கிறேன்.

பூச்சியுண்ணுதலுக்கு நைட்ரஜன் பசியும் காரணம் என்ற மறுப்பு நியாயமானது. பாஸ்பரஸின் பங்கைப் பிரித்தறிய வேண்டுமானால், அதே மேட்டில் அலுமினியத்தை இலையில் சேர்த்துக்கொண்டு செழிக்கும் செண்டுடோக் செடியையும், அடினாண்ட்ரா மரத்தையும், நெபெந்தஸையும் ஒரே மண்ணில் வைத்து, பாஸ்பேட் இட்டும் இடாமலும், வேரிலும் இலையிலும் எழும் மரபணுக்களை ஒப்பிட வேண்டும். இதைச் செய்துபார்க்கத் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடமும் தேசியப் பல்கலைக்கழகமும் அந்த மேட்டையொட்டியே இருக்கின்றன.