வெறுங்காலுடன் ஆடிய முகம்மது சலீம்: நினைவு என்னும் அமானிதம்

தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு நினைவுக்கல் புதிய பொருளன்று. ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் நூற்றாண்டுகளைக் கடந்த நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் அவற்றைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். ஆநிரையை மீட்கச் சென்று மாண்டவன், புலியோடு பொருதி வீழ்ந்தவன் என ஊருக்காக உயிர்கொடுத்தோரை அக்காலத்தார் கல்லில் செதுக்கினர். அவர்தம் பெயரையும் செயலையும் வட்டெழுத்தில் பொறித்தனர். கல்லை வணங்குவது நம் வழியன்று. ஆயினும் நன்மை செய்தவனை ஊர் மறந்துவிடலாகாது என்னும் அந்த எண்ணம் நமக்கும் உடன்பாடானதே.

விளையாட்டு வீரர்களுக்கு நடுகல் எடுப்பாரில்லை. களத்தை விட்டு அவர்கள் விலகிய பின் எஞ்சுவது, அவர்கள் ஆடக் கண்டு மகிழ்ந்தவர்களின் நினைவு ஒன்றே. அந்தத் தலைமுறையும் மறைந்துவிட்டால் வீரனும் மறைந்துவிடுகிறான். அவ்வாறு மறையாமல் தப்பிய ஒருவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் முகம்மது சலீம்.

கொல்கத்தாவின் கறுப்பு வெள்ளை அணி

1904ஆம் ஆண்டு கொல்கத்தாவில், மெட்டியாபுரூஸ் பகுதியில், எளிய குடும்பம் ஒன்றில் சலீம் பிறந்தார். அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா அரசிழந்து வந்து தம் இறுதிக்காலத்தைக் கழித்த இடம் அது. சலீமின் இளமைக் காலத்தில் அந்நகரில் கால்பந்து வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஆளும் ஆங்கிலேயரின் படைப்பிரிவு அணிகளே கோப்பைகளைப் பெரும்பாலும் வென்றுவந்தன. 1911இல் மோகன் பகான் கழகத்தார் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, நாடு முழுவதும் அதைத் தன் வெற்றியாகவே கொண்டாடியது. அன்று அவ்வணியினர் ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர்.

1891இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் நெடுங்காலம் கீழ்நிலைப் பிரிவுகளிலேயே இருந்தது. 1934இல் முதல் பிரிவுக்கு உயர்ந்த அதே ஆண்டிலேயே கொல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதுவரை எந்த இந்திய அணியும் அப்பட்டத்தை வென்றதில்லை. அவ்வாண்டு முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அவ்வணியினருடையதாகவே இருந்தது. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் சேர்ந்தது. கழகத்தார் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்களைத் தேடி அழைத்துவந்தனர். நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரிலிருந்தும் சிலர் சென்று ஆடினர். மழையில் சேறாகும் மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும் என்பதை உணர்ந்து, ஈரமான நாட்களில் காலணி அணிந்து ஆடும் பழக்கத்தையும் கொண்டுவந்தனர். வெற்றிக்குப் பின்னே இத்தகைய திட்டமிடலும் இருந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

வேறு சில கழகங்களில் ஆடிய பின் 1934இல் இவ்வணியில் சேர்ந்த சலீம் வலப்புற விளிம்பில் ஆடுபவர். பந்தைக் காலோடு ஒட்டிவைத்து எதிரணியினரைக் கடந்து செல்வதும், தக்க தருணத்தில் அதை நடுவே அனுப்புவதும் அவர் கைவந்த கலைகள். தாமே கோல் அடிப்பதைவிடப் பிறர் அடிக்க வழிசெய்து கொடுப்பதே அந்த இடத்தில் ஆடுபவரின் பணி. அவருடைய பிற்கால வாழ்வை எண்ணும்போது, அந்த இடம் அவருக்கு மிகப் பொருந்தியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

கிளாஸ்கோவில் ஓர் ஆகஸ்டு மாதம்

1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லும் வழியில் சீன அணி இந்தியாவில் சில ஆட்டங்களில் கலந்துகொண்டது. கொல்கத்தாவில் நடந்த முதல் ஆட்டத்தில் சலீம் சிறப்பாக ஆடினார். அப்போது இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்திருந்த உறவினர் ஹஷீம், ஐரோப்பாவில் முயன்று பார்க்குமாறு அவரைத் தூண்டினார். இருவரும் கப்பலேறினர். கெய்ரோ வழியாக இலண்டனை அடைந்து, அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்றனர்.

கிளாஸ்கோவில் செல்டிக் கழகத்தின் மேலாளராக இருந்தவர் வில்லி மேலி. நாற்பது ஆண்டு அனுபவம் கொண்டவர். இந்தியாவிலிருந்து ஒரு வீரர் வந்திருக்கிறார், ஆனால் அவர் காலணி அணியமாட்டார் என்று ஹஷீம் சொன்னபோது மேலிக்கு நகைப்பே வந்தது. இரும்புபோல் கனத்த காலணிகளோடு மோதும் ஆட்டத்தில் வெறுங்கால் என்ன செய்யும்? ஆயினும் ஒரு தேர்வுக்கு இசைந்தார். சலீம் ஆடிக் காட்டியதும் அந்த நகைப்பு வியப்பாக மாறியது.

அக்காலத்துப் புகைப்படம் ஒன்று இன்றும் காணக் கிடைக்கிறது. சலீம் அமர்ந்திருக்கிறார். செல்டிக்கின் புகழ்பெற்ற முன்னாள் வீரரும் அப்போதைய பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி குனிந்து அவர் பாதத்துக்குத் துணிக்கட்டுப் போடுகிறார். நம் நாடு அடிமைப்பட்டிருந்த காலம் அது. ஆளும் நாட்டைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படும் நாட்டைச் சேர்ந்தவரின் காலைத் தம் கையில் ஏந்திக் கட்டுப் போடும் காட்சி அன்று எளிதில் காணக்கூடியதன்று. பல பக்கங்கள் எழுதிச் சொல்ல வேண்டியதை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது.

ஆகஸ்டு மாத இறுதியில் கால்ஸ்டன் அணிக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் செல்டிக் ஏழுக்கு ஒன்று என்று வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் சலீமின் ஆட்டத்தால் விளைந்தவை என்று மறுநாள் நாளேடு எழுதியது. பெனால்டி உதையை எடுக்குமாறு அவரை அழைத்தபோது, கூச்சம் காரணமாக அவர் மறுத்துவிட்டதையும் அந்நாளேடு குறிப்பிட்டது. ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, எளிதில் கிடைக்கும் புகழைப் பிறருக்கு விட்டுக்கொடுத்த அந்த நாணம் நம் மனத்தைத் தொடுகிறது. நாணம் ஈமானின் ஒரு பகுதி என்று சிறு வயது முதல் கற்றுவரும் நமக்கு அந்தக் கூச்சம் அந்நியமானதன்று.

அநாதைகளுக்குச் சென்ற பங்கு

சில மாதங்களில் சலீமுக்கு ஊர் நினைவு மேலிட்டது. செல்டிக் கழகத்தார் அவரைத் தங்குமாறு வேண்டினர். அவரோ திரும்புவதில் உறுதியாக இருந்தார். அவருக்காக அறக்கொடை ஆட்டம் ஒன்றை நடத்தி, நுழைவுக் கட்டணத்தில் ஐந்து விழுக்காட்டை அளிக்க அவர்கள் முன்வந்தனர். அன்றைய ஆட்டத்தைக் காண அநாதைப் பிள்ளைகள் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தனர். ஐந்து விழுக்காடு என்பது எவ்வளவு என்று அறியாமலேயே, தம் பங்கு முழுவதையும் அப்பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுமாறு சலீம் சொல்லிவிட்டார். பின்னர் தொகை தெரிந்தபோது அவரே திகைத்துப்போனார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

செல்டிக் கழகம் பிறந்த கதையை அறிந்தால் இச்செயலின் பொருத்தம் விளங்கும். 1887இல் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழைகளுக்கு, பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்களுக்கு, உணவளிக்கப் பணம் திரட்டும் நோக்கத்தோடு வால்ஃபிரிட் என்னும் கிறித்தவத் துறவி அக்கழகத்தைத் தொடங்கினார். பசித்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கழகத்துக்கு, வேற்று நாட்டிலிருந்து வேற்று மார்க்கத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து, தம் பங்கைப் பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்கு அளித்துச் சென்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தந்தை முகம் காணாது பிறந்தவர்கள்; ஆறு வயதில் அன்னையையும் இழந்தவர்கள். அவர்களின் உம்மத்தைச் சேர்ந்த ஒருவருக்கு அநாதைகள் முதலில் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

ஒரு கடிதமும் ஒரு காசோலையும்

தாயகம் திரும்பிய சலீம் மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்கு ஆடினார். பின் களத்தை விட்டு விலகினார். நாடு விடுதலை பெற்றது, பிரிந்தது. கொல்கத்தா மைதானத்தில் புதிய பெயர்கள் முழங்கின. முதுமையில் சலீம் நோயுற்றார். அப்போது அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதி, தந்தையின் மருத்துவத்துக்கு உதவி தேவைப்படுவதாகக் குறிப்பிட்டார். பணம் கேட்பது தம் நோக்கமன்று என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். தந்தையின் பெயர் அங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா என்று அறியவே எழுதினாராம்.

பதில் வந்தது. உள்ளே நூறு பவுண்டுக்கான வங்கி வரைவோலையும் இருந்தது. மகன் அதைப் பணமாக்கவில்லை. தந்தையை இன்னும் மறக்காதவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதற்கான சான்றாக அதைப் பாதுகாத்து வைத்துக்கொண்டார். 1980இல் சலீம் இறையடி சேர்ந்தார்.

இந்த நிகழ்ச்சியை நாம் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். தந்தையின் பெருமை உயிரோடிருக்கிறதா என்பதை அறிய, ஒரு மகன் கடல் கடந்து கடிதம் எழுத நேர்ந்தது. அவர் ஐந்து பட்டங்களின் காலத்தில் ஆடிய சொந்த மண்ணிலோ அவர் பெயரை அறிந்தவர் அருகிவந்தனர். சில மாதங்கள் மட்டுமே தங்கிய ஊர் அவரை நினைவில் வைத்திருந்தது.

மிகையின்றி நினைத்தல்

நினைவுகூரும்போது நேர்மையும் வேண்டும். சலீம் செல்டிக்கின் முதன்மை அணியில் ஆடியவரல்லர். இரண்டாம் நிலை அணிக்காகவே ஆடினார். அதுவும் இரண்டே ஆட்டங்கள். ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்று கால்பந்து வரலாறு அவரைக் குறிக்கிறது. அந்தப் பெருமையே அவருக்குப் போதும். அன்பின் மிகுதியால் இரண்டை இருபதாக்கிச் சொல்வது சாட்சியத்தில் கலப்படம் செய்வதாகும். உள்ளதை உள்ளவாறு சொன்னாலே நல்ல மனிதரின் பெருமை குறைவதில்லை.

நம் காலத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆஸ்திரேலியாவில் முட்டை வடிவப் பந்தோடு ஆடும் தனிவகைக் கால்பந்து ஒன்று உள்ளது. அதில் ரிச்மண்ட் அணிக்காக 2017, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்ற பச்சார் ஹூலி, லெபனானிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 2021இல் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றிப் பேசுவோர் பட்டங்களோடு நிறுத்துவதில்லை. தொழுகையையும் நோன்பையும் மறைக்காமல் பேணியதையும், முஸ்லிம் இளைஞர்களை அந்த ஆட்டத்துக்கு அழைத்துவர அவர் உழைத்ததையும் சேர்த்தே சொல்கிறார்கள். சலீமுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கிறது. ஆட்டம் முடிந்த பின் மக்கள் மனத்தில் தங்குவது ஆடியவரின் குணமே.

நம் ஊரின் கடன்

நம் தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் அஸர் தொழுகைக்குப் பின் மைதானத்தில் இறங்கி, மஃரிபு பாங்கு கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திப் பள்ளிவாசலுக்கு விரைந்த தலைமுறைகள் உண்டு. அவர்களுள் மாவட்ட அளவில் ஆடியவர்கள் இருந்திருக்கலாம். பணமில்லாமல் வாய்ப்பை இழந்தவர்கள் இருந்திருக்கலாம். இளையோருக்குத் தம் காலணியைக் கொடுத்துவிட்டுத் தாம் ஒதுங்கியவர்களும் இருந்திருக்கலாம். நம் வீட்டு முதியவர் ஒருவரே அவராக இருக்கக்கூடும். நாம் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வீட்டில் உணவுக்கு அமரும்போது, பிள்ளைகளை அத்தா, நன்னா, தாத்தா அருகில் அமர வையுங்கள். எந்த மைதானத்தில் ஆடினீர்கள், உடன் ஆடியவர் யார், எந்த ஆண்டு என்று கேட்கச் சொல்லுங்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய படத்தை எடுத்து, அதன் பின்புறம் பெயர்களை எழுதி வையுங்கள். அதற்குக் கல்லும் உளியும் வேண்டா. ஓர் எழுதுகோலும் சிறிது பொறுமையும் போதும்.

நினைவு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைத் தேடி நம் பிள்ளைகள் எவருக்கும் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும் நிலை வராதிருக்கட்டும். முகம்மது சலீமுக்கும், பெயர் தெரியாமல் மறைந்த நம் ஊர் ஆட்டக்காரர்களுக்கும் வல்ல இறைவன் அருள் புரிவானாக. ஆமீன்.