கோலும் கையும்: ஒரு பொருத்தத்தின் வரலாறு

அயல்நாட்டில் வாழும் நம் குழு அன்பர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது இரண்டு கோல்ஃப் கோல்களை உடன் கொணர்ந்தார். ஒன்று பழம்பொருள் அங்காடியில் வாங்கியது. மெருகேறிய மரத்தலை, எஃகுத் தண்டு. மற்றொன்று புத்தம் புதியது. அதன் தலை டைட்டேனியத்தால் ஆனது, முன்னதைப் போல் மும்மடங்கு பருத்தது. இரண்டிற்கும் பெயர் ஒன்றே: டிரைவர். நம்மூரில் இச்சொல்லைக் கேட்டால் பேருந்து ஓட்டுபவரே கண்முன் வருவார். கோல்ஃபில் அது, ஒவ்வொரு குழிக்கும் உரிய ஆட்டத்தின் தொடக்கத்தில் பந்தை நெடுந்தொலைவுக்குச் செலுத்தும் கோலைக் குறிக்கும்; ஆட்டக்காரரின் பையிலுள்ள கோல்களில் அதுவே நீளமானது. "இவற்றுள் எனக்குப் பொருத்தமானது எது?" என்று கேட்டுவிட்டு அன்பர் விமானமேறிவிட்டார். மணப்பொருத்தமாக இருந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருப்போம். இதற்கு வரலாற்றைப் புரட்ட வேண்டியதாயிற்று.

முதலில் மரத்தைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நல்ல டிரைவர் என்றால் அதன் தலை பெர்சிமன் என்னும் அமெரிக்க மரத்தில் கடைந்ததாகவே இருக்கும். பெயர் நமக்கு அயலாகத் தோன்றலாம். மரம் அவ்வளவு அயலன்று. கருங்காலி என்று நாம் வழங்கும் எபனி மரமும், பீடி சுற்ற இலை தரும் மரமும் எந்தப் பேரினத்தைச் சேர்ந்தவையோ, அதே டயோஸ்பைரோஸ் பேரினத்தைச் சேர்ந்தது பெர்சிமன். நெருக்கமான இழை, எளிதில் பிளவாத உறுதி, அடிக்கும்போது கையில் வந்து சேரும் ஒரு மெல்லதிர்வு ஆகியவை அதற்கு அப்பெருமையைத் தந்தன.

மரம் என்பதால் ஒன்று போல் மற்றொன்று இராது. ஒரே பட்டறையில் ஒரே நாளில் கடைந்த இரண்டு தலைகளும் இழையிலும் எடையிலும் வேறுபடும். எனவே பொருத்தம் பார்ப்பது அக்காலத்தில் இருபடியாக நடந்தது. பல கோல்களை வீசிப் பார்த்துக் கைக்கு இசைந்த ஒன்றைத் தேர்வது முதற்படி. தேர்ந்ததை அரத்தால் இழைத்தும், அடித்தகட்டைக் கழற்றி உள்ளே ஈயம் சேர்த்தோ குறைத்தோ சரிசெய்தும் தனக்கே உரியதாக்கிக்கொள்வது இரண்டாம் படி. மெக்ரெகர் நிறுவனம் 1950களில் செய்த மரக்கோல்களை, முப்பதாண்டுகள் கழித்தும் தொழில்முறை ஆட்டக்காரர் தேடித்தேடி வாங்கினர் என்றால், அக்கைவேலையின் தரம் விளங்கும்.

இங்கே பாபி ஜோன்ஸ் பற்றிச் சொல்லாமல் நகர இயலாது. 1930ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த நான்கு பெரும் போட்டிகளையும் ஒருசேர வென்றவர் அவர். எஃகுத் தண்டுகளுக்கு அமெரிக்கச் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1924இலேயே இசைவளித்துவிட்டது, உலகின் பிற பகுதிகளுக்கு விதி வகுத்துவந்த, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசிலுள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பு 1929இல் இசைந்தது. ஆயினும் ஜோன்ஸ் ஹிக்கரி மரத் தண்டுகளையே கையாண்டு வென்றார். தம் கோல்களை அவர் ஒவ்வொன்றாக, பல ஆண்டுகளில், கையுணர்வு ஒன்றையே துணையாகக் கொண்டு திரட்டியிருந்தார். அவர் ஓய்வு பெற்ற பின்னர் அக்கோல்களைக் கருவியிலிட்டு அளந்தபோது, ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் எடைச் சமநிலையில் ஒத்திருந்தன என்பர். அந்த ஒன்று, அவருக்கு எப்போதும் தொல்லை தந்துவந்த குறுந்தொலைவு இரும்புக்கோல். கருவி பின்னாளில் கண்டதைக் கை முன்னரே கண்டிருந்தது.

மரக்கோல் வலுவற்றது என்று கருதுவோருக்கு இன்னொரு செய்தி. 1963இல் டல்லஸ் நகரில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை ஒட்டி நடந்த நெடுந்தொலைவுப் போட்டியில் ஜாக் நிக்லஸ் பந்தை 341 கஜம் 17 அங்குலம் செலுத்தினார். கையில் இருந்தது பெர்சிமன்தான்.

இனி உலோகத்துக்கு வருவோம். 1979இல் கேரி ஆடம்ஸ் என்ற விற்பனையாளர் கடன் வாங்கி டெய்லர்மேட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் விற்க முனைந்தது ஒரே பொருள்: உள்ளீடற்ற எஃகுத் தலை கொண்ட டிரைவர். அதற்கு வழங்கிய செல்லப்பெயர் "பிட்ஸ்பர்க் பெர்சிமன்". பிட்ஸ்பர்க் எஃகு உருக்கும் நகரம். அங்கே விளையும் பெர்சிமன் எஃகாகத்தானே இருக்கும்! இக்கேலிப்பெயரில் ஒரு சொல்லாராய்ச்சியும் அடங்கியிருக்கிறது. டிரைவரும் அதன் இனத்தைச் சேர்ந்த கோல்களும் ஆங்கிலத்தில் "மரங்கள்" என்றே அழைக்கப்பட்டுவந்தன. எஃகு வந்த பிறகும் அப்பெயர் மாறவில்லை. "உலோக மரம்" என்ற விந்தைத் தொடர் பிறந்தது. எள்ளின் நெய்யாகிய எண்ணெயைத் தேங்காய்க்கும் கடலைக்கும் உரித்தாக்கிய நாம் இதைக் கண்டு நகைக்க உரிமையற்றவர்கள்.

உலோகம் என்ன செய்தது? காவடித் தண்டின் இரு முனைகளிலும் நீர்க்குடம் கட்டிச் சுமப்பவரால் சட்டென்று திரும்ப முடியாது. அதே குடங்களை மார்போடு அணைத்துக்கொண்டால் எளிதில் திரும்பலாம். மரத்தலை இரண்டாம் வகை. எடை முழுவதும் திரண்டு நடுவில் நிற்கும். எஃகுத் தலை வெற்றுக்கூடு ஆதலால் எடை ஓரங்களுக்குச் சென்றது. முகப்பின் நடுவில் படாமல் விளிம்பில் பந்து பட்டாலும் தலை முன்போல் திருகிக்கொள்ளவில்லை. பிழைபட்ட அடிக்குத் தண்டனை குறைந்தது.

ஆனால் ஓர் இழப்பும் உண்டு. மரத்தலையில் எடைமையம் முகப்புக்கு வெகு பின்னே இருந்தது. விளிம்பில் பந்து பட்டால் தலை ஒருபுறம் திருக, பந்து பற்சக்கரம்போல் மறுபுறம் சுழன்று, விலகிச் சென்ற வழியிலிருந்து வளைந்து நடுவுக்குத் திரும்பும். இதற்கென்றே முகப்பைச் சற்றுக் குவிவாகக் கடைந்தார்கள். கைதேர்ந்தவர் இதனை ஆயுதமாகவே கொண்டு, மரங்களைச் சுற்றி, திருப்பங்களைத் தழுவிப் பந்தை வளைத்தனர். தொடக்ககால எஃகுக் கூட்டில் எடைமையம் முகப்பை நெருங்கிவிட்டதால் இவ்வளைவு மட்டுப்பட்டது. மரத்தின் "டொக்" எங்கே, எஃகின் "டிங்" எங்கே என்று முணுமுணுத்தவர்கள் வெறும் பழமைவாதிகள் அல்லர். அடி எங்கே பட்டது என்பதை அவர்களுக்குச் சொல்லிவந்தது அந்த ஓசைதான்.

1981இல் ரான் ஸ்ட்ரெக் ஹூஸ்டன் போட்டியை உலோக டிரைவருடன் வென்றார். 1984இல் லீ டிரவினோ தம் 44ஆம் வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றபோது, பெரும் போட்டி ஒன்றும் உலோகத்தின் வசமாயிற்று. அத்துடன் மரத்தின் கதை முடிந்தது என்றே பல வரலாறுகள் எழுதிச் செல்கின்றன. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், எண்களைப் பார்க்கும்வரை.

அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் டிரைவரால் பந்து சென்ற சராசரித் தொலைவு 1980இல் ஏறத்தாழ 257 கஜம். அப்போது பெரும்பாலோர் கையில் மரம். 1993இல் பெரும்பாலோர் கையில் உலோகம். தொலைவு ஏறத்தாழ 260 கஜம். பதின்மூன்று ஆண்டுகளில் கூடியது மூன்றே கஜம்! ஆக, அக்காலத்தில் மரத்தையும் எஃகையும் அருகருகே வைத்து அடித்துப் பார்த்து, "எனக்கு மரமே பொருத்தம்" என்று முடிவு செய்த ஆட்டக்காரர் தொலைவில் பெரிதாக எதையும் இழக்கவில்லை. அவரை முரடர் என்று பின்னாளைய வெற்றியின் கண்ணாடி வழியே பழிப்பது வரலாறாகாது. டேவிஸ் லவ் போன்ற நெடுந்தொலைவு வீரரே 1990களின் நடுப்பகுதி வரை பெர்சிமனை விடாமல் வைத்திருந்தார் என்பதையும் நினைக்க வேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் லாங்கர். 1993 ஏப்ரலில் அகஸ்டா நகரில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில், சுற்றிலும் எஃகு ஒலிக்க, அவர் பெர்சிமன் டிரைவருடன் களமிறங்கினார். இறுதிநாளில் 13ஆம் குழியை, ஐந்து அடிகள் விதிக்கப்பட்ட அக்குழியை, மூன்றே அடிகளில் முடித்தார். நான்கு அடி முன்னிலையில் கோப்பை அவருடையதாயிற்று. மரத்தலை டிரைவரால் வெல்லப்பட்ட கடைசிப் பெரும் போட்டி அதுவே.

மரத்தை உண்மையில் வீழ்த்தியது எஃகின் வருகை அன்று. அதன் பின்னர் நேர்ந்த இரண்டு. 1991இல் கேலவே நிறுவனம் முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மானியப் பீரங்கி ஒன்றின் பெயரைச் சூட்டி "பிக் பெர்த்தா" என்ற எஃகு டிரைவரை வெளியிட்டது. அதன் தலை ஏறத்தாழ 190 கன செ.மீ. பழைய மரத்தலைகள் 150ஐ ஒட்டியவை. 1995இல் அதன் தங்கை டைட்டேனியத்தில் வந்தாள். எஃகினும் இலேசானதும் உறுதி மிக்கதுமான டைட்டேனியம், தலையை ஊதிப் பெருக்கவும் முகப்பை மெலிதாக்கவும் இடம் தந்தது. மெலிந்த முகப்பு அடிபடும் கணத்தில் உள்வாங்கி மீண்டு, பந்தை உந்திவிட்டது. மற்றொன்று பந்து. நூல் சுற்றிய பழைய பந்துகள் மிகுதியாகச் சுழன்று மேலெழும் இயல்புடையவை. 2000ஆம் ஆண்டில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் ப்ரோ வி1 வந்ததும், டிரைவரிடம் குறைவாகச் சுழலும் திண்பந்துக்கு ஆட்டக்காரர்கள் கூட்டங்கூட்டமாக மாறினர். அப்பந்தை உயரே ஏவும் கோலே வேண்டியிருந்தது. 2003இல் சராசரி 286 கஜம். பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று. அடுத்த பத்தாண்டுகளில் இருபத்தாறு!

சங்கங்கள் விழித்துக்கொண்டன. முகப்பின் மீள்திறனுக்கு 0.83 என்னும் வரம்பை யு.எஸ்.ஜி.ஏ. 1998இல் அறிவித்தது. ஆர் அண்ட் ஏ உடனே அதை ஏற்கவில்லை. விளைவாக, 2000இல் கேலவே வெளியிட்ட இ.ஆர்.சி. டிரைவர் ஸ்காட்லாந்தில் முறையானது, அமெரிக்காவில் முறையற்றது என்னும் வேடிக்கை நிகழ்ந்தது. பொழுதுபோக்காக ஆடுவோர் அதைக் கையாண்டால் என்ன கெட்டுவிடும் என்று முதுபெரும் வீரர் ஆர்னால்டு பால்மரே வாதிட்டுப் பலரது சினத்துக்கு ஆளானார். பின்னர் இரு சங்கங்களும் ஒத்துப்போயின. 2004இல் தலையின் அளவுக்கு 460 கன செ.மீ. என எல்லை கட்டப்பட்டது. இன்று விற்கும் டிரைவர்களுள் பெரும்பாலானவை அந்த எல்லையை உரசிக்கொண்டே நிற்கின்றன.

அன்பரின் கேள்விக்குத் திரும்புவோம். இன்றைய கடையில் இரண்டு டிரைவர்களை ஒப்பிடுவோர் ராடாரோ ஒளிப்படக் கருவியோ பொருத்திய கூண்டுக்குள் நின்று அடிக்கிறார்கள். கோலின் வேகம், பந்தின் வேகம், ஏவுகோணம், நிமிடச் சுழற்சி யாவும் திரையில் தோன்றும். அவற்றுள் புதியவர் பார்ப்பது மிக நீண்டு சென்ற ஓர் அடியை. பழகியவர் பார்ப்பது பத்து அடிகளும் எவ்வளவு அகலத்தில் சிதறின என்பதை. ஒருவருக்கு 9 பாகைச் சாய்வும் விறைத்த தண்டும் பொருந்தும். மெல்ல வீசும் மற்றொருவருக்கு அதே கோல் பந்தை எழும்பவே விடாது, 12 பாகையும் நெகிழ்தண்டும் வேண்டும். நம் அன்பர் வயதும் வயிறும் முதிர்ந்தவர் ஆதலால் பிழை பொறுக்கும் டைட்டேனியமே அவருக்கு ஏற்றது என்று எழுதிவிட்டோம். மரக்கோலை விற்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதினோம்.

அரமும் ஈயமும் மறைந்துவிடவில்லை என்பது இதில் நமக்குப் பிடித்த செய்தி. வார்ப்பில் பிறந்த தலைகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தமையால், ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கைதான் கோலுக்கு வளைந்துகொடுத்தது. 2004இல் இடம் மாற்றத்தக்க எடைத்திருகுகளுடன் டெய்லர்மேட் ஒரு டிரைவரை வெளியிட்டது. 2008இல் விதிகள் மேலும் தளர, தலையின் கோணத்தையே திருகுக்குறடால் மாற்றலாம் என்றாயிற்று. பழைய பட்டறைக்காரர் ஈயத்தைக் கொண்டு செய்த வேலையை இன்று ஆட்டக்காரரே ஒரு சாவியால் செய்துகொள்கிறார்.

கோல் கைக்குப் பொருந்திற்று. ஆடுகளம் கோலுக்குப் பொருந்தவில்லை. லாங்கர் வென்ற 1993இல் அகஸ்டாவின் மொத்த நீளம் 7000 கஜத்துக்குச் சற்றுக் குறைவு. அவருக்குக் கைகொடுத்த அந்த 13ஆம் குழி 2002இல் 510 கஜமாக நீட்டப்பட்டது. அதுவும் போதாமல், பக்கத்துக் கழகத்திடம் நிலம் வாங்கி 2023இல் 545 கஜமாக்கினர். 2025இல் மொத்த நீளம் 7,555 கஜம். அவ்வாண்டு தம் 67ஆம் வயதில் லாங்கர் மாஸ்டர்ஸ் போட்டியிலிருந்து விடைபெற்றார். இளையோர் சிறு இரும்புக்கோலால் அடையும் இடத்துக்குத் தமக்கு அதனினும் பன்மடங்கு வலிய கோல் தேவைப்படுகிறது, இக்களம் தமக்கு நீண்டுவிட்டது என்பதே அவர் கூறிய காரணம். முதலிரு நாள் ஆட்டத்தின் கடைசிக் குழியில் ஓர் அடி மிகையாயிற்று. அந்த ஓரடி வேறுபாட்டில் மூன்றாம் நாளுக்கான தகுதி கைதவறியது.