மஞ்சள் இல்லாத காமாலை

நோயை நிறத்தால் அறிகிற மரபு நம்முடையது. சித்த வைத்தியரும் வீட்டுப் பாட்டியும் கண், நகம், மூத்திரம் என்று மஞ்சளைத்தான் தேடினார்கள். ஹெபடைடிஸ் பி இந்த மரபைக் கைவிரிக்க வைக்கிறது. பிரசவத்தில் தாயிடமிருந்து இதைப் பெறும் குழந்தைக்குப் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது. ஆனால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். பெரியவர்களிடம் அப்படித் தங்குவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. பல பத்தாண்டுகள் கழித்து ஈரல் சுருங்கினால் கள்ளக்குறிச்சிப் பக்கம் தீர்ப்பு தயாராக இருக்கும்: 'குடிச்சிருப்பான்.'

வரலாறு ரத்தத்தில் தொடங்குகிறது. 1960களில் புளும்பெர்க் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்தில் கண்டதுக்கு 'ஆஸ்திரேலிய ஆன்டிஜன்' என்று பெயர். நாட்டின் பெயர் நின்றது, ரத்தம் கொடுத்தவரின் பெயர் நிற்கவில்லை. 1976இல் புளும்பெர்க்குக்கு நோபல் பரிசு. கல்வராயன் மலை ஜாகீர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு வந்ததும் அதே 1976இல்தான். தற்செயல்தான். ஆனாலும் பழங்குடி உடல் யாருடைய ஏட்டில் எப்படிப் பதிவாகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

சென்னையும் இந்தக் கதையில் உண்டு. 1988இல் தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜன் மறைந்தது; போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிறர் செய்த பிந்தைய சோதனைகளில் இது நிலைக்கவில்லை. நம்முடைய மரபுப் பெருமிதக் கட்டுரைகளோ 1988ஓடு நின்றுவிடுகின்றன. அதற்கு முன்பே, 1984இல், தைவான் கர்ப்பிணிகளைச் சோதித்து அவர்களுடைய குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியிருந்தது.

ஆறாம் வாரத்து ஊசி வேறு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுவது வேறு. தாயிடமிருந்து வருவதை மறிப்பது பின்னதுதான். கூடவே இம்யூனோகுளோபுலினும் கொடுத்தால் காப்பு கூடும். வைரஸ் அளவு அதிகமுள்ள தாய்க்குப் பிரசவத்துக்கு முன்பே டெனோஃபோவிர் மாத்திரை உண்டு. ஆகவே சோதனை முடிவு வலி எடுப்பதற்கு முன்னால் கச்சிராயபாளையத்து ரோடு ஏறி வெள்ளிமலைக்கும் அப்பால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

'தாய்-சேய் பரவல்' என்ற சொல்லாடலிலும் எனக்கு ஒரு தயக்கம். அது தாயையே தொடக்கமாக்குகிறது. 'யார்கிட்டேயிருந்து வாங்கிட்டு வந்தே?' என்று மருமகளைக் கேட்கிற வீட்டில், அவளே தன் தாயின் பிரசவத்தில் பெற்றிருக்கலாம் என்பதை யார் சொல்வது? பால் கொடுக்காதே என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கொடுக்கலாம். குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால் போதும்.